எப்போது நடப்பார் என்பதுதான் கேள்வியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாகச விளையாட்டில் அடிபட்டு உடல் செயலிழந்த வீரர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் "மீண்டும் எழுந்து நடப்பாரா?" என்ற கேள்வியிலேயே வந்து நிற்கின்றன. தண்டுவடத்தில் காயம்பட்டவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி அளிக்கும் பணியில் இருப்பதால், அந்தக் கேள்வி அவர்களை எவ்வளவு வாட்டுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன்.

பிரிட்டனின் மலைச் சைக்கிள் வீரர் மார்ட்டின் ஆஷ்டன், 2013 செப்டம்பரில் சில்வர்ஸ்டோனில் சாகசம் செய்துகாட்டும்போது ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அமெரிக்கரான பால் பசகோய்ட்டியா, 2004இல் கனடாவின் விஸ்லரில் நடந்த சைக்கிள் சாகசப் போட்டியில் இரவல் சைக்கிளில் வென்று பெயர் வாங்கியவர். 2015இல் யூட்டா மாநிலத்துச் செங்குத்துப் பாறைச் சரிவில் விழுந்து அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. பசகோய்ட்டியா நீண்ட பயிற்சிக்குப் பின் ஊன்றுகோல் துணையுடன் நடந்தார், ஆஷ்டன் நடக்கவில்லை. பசகோய்ட்டியாவுக்கு இருந்த மன உறுதி ஆஷ்டனுக்கு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தண்டுவடம் எந்த இடத்தில், எந்த அளவுக்குச் சிதைந்தது என்பதுதான் நடையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தண்டுவடத்தில் அறுந்துபோன நரம்பு நம் ஆசைக்காக மீண்டும் வளர்வதில்லை. "மனசு வெச்சா நடந்துடலாம் தம்பி" என்று கட்டிலருகே நின்று உறவினர்கள் அன்போடு சொல்லும்போது, நடக்க முடியாதது அவனுடைய குறை என்றாகிவிடுவதை அவர்கள் உணர்வதில்லை.

அந்த ஆஷ்டன்தான் 2015இல், இருக்கை பொருத்தி மாற்றியமைத்த சைக்கிளில், பழைய நண்பர்கள் உடன்வர, வேல்ஸ் மலைப்பாதையில் மீண்டும் இறங்கினார். நடக்காமலேயே தம் விளையாட்டுக்குத் திரும்பியவர் அவர்.

முடக்கம் என்றால் கால்கள் மட்டும்தான் என்று நினைக்கிறோம். சிறுநீர்ப்பை கட்டுப்பாட்டில் இல்லாததால் பலர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியுள்ளது. காயத்துக்குக் கீழே சரிவர வியர்க்காததால் நம் சிங்கப்பூர் வெயிலில் உடல் சூடேறிவிடும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறார்கள். ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்திருப்பதால் புண் வராமலிருக்க, பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியின் பக்கங்களில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை நிமிர்த்தி, உடலைத் தூக்கிச் சிறிது நேரம் நிறுத்தி இறக்குவார்கள். விளையாட்டு வீரர்கள் இதை விரைவில் கற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். விழுந்து விழுந்து ஒரே அசைவைப் பழகும் பொறுமை முந்தைய வாழ்க்கையிலேயே அவர்களுக்கு வந்துவிட்டது. 'தேடிப்போய் வாங்கிக்கொண்ட வினை' என்று அந்த வாழ்க்கையை ஏசுவோரை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் திட்டம்கூட உடற்குறையின் கடுமையை ஆறு அன்றாடச் செயல்களை வைத்தே அளக்கிறது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறையைப் பயன்படுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகியவற்றோடு நடமாடுவதும் அவற்றில் ஒன்று, அவ்வளவே.

ஆகவே, இத்தகையோரைப் பேட்டி காணும் செய்தியாளர்கள் வேறு கேள்விகளையும் கேட்க வேண்டுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குளியலறைப் படியைத் தாண்ட அவருக்குச் சாய்தளம் போடப்பட்டதா, இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது தாயா பணிப்பெண்ணா, அந்தத் தாய்க்கு ஓய்வு உண்டா, பழைய முதலாளி மீண்டும் வேலை கொடுத்தாரா, நண்பர்கள் இன்னும் அவரை வெளியே அழைக்கிறார்களா என்று கேளுங்கள். இவற்றுக்கு அவர்களிடம் நிறையப் பதில்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர்,
ஈசூன்