இரண்டு கோடு வந்த பிறகு

பினாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தில் இரண்டு கோட்டைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கரு உண்டாகியிருக்கிறது என்பதோடு அந்தக் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியின் வேலை முடிந்தது. கரு கருப்பையில் தங்கியிருக்கிறதா, ஆபத்தாகக் கருக்குழாயில் தங்கிவிட்டதா என்பதை ஸ்கேன்தான் காட்டும்.

மற்றவர்களைவிட உன்னிடம் இதை அழுத்திச் சொல்லக் காரணம், பள்ளியில் நான்காம் படிவத்தில் உனக்குக் குடல்வால் வெடித்தது. வயிற்றுக்குள் சீழ் பரவி ஆறும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருக்குழாய் அதில் வளைந்தோ குறுகியோ போனால், விந்தணு நுழைந்துவிடும். ஆனால் அதைவிடப் பருத்த கரு கருப்பைக்கு இறங்க முடியாமல் பாதியில் நின்றுவிடும். குழாயின் உட்சுவரில் கருவைத் தள்ளிவிடும் நுண்மயிர்கள் உண்டு. உடலுறவால் பரவும் கிளமீடியா, கொனோரியா தொற்று அவற்றை அழிக்கும். கிளமீடியா பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாது. சிகரெட்டும் அந்த மயிர்களைக் கெடுக்கும், உனக்கு அந்தப் பழக்கமில்லை. முன்பு ஒருமுறை குழாயில் கரு தங்கியவர்களுக்கு மறுபடி வர ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. குழாயில் அறுவை, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு, 35-ஐத் தாண்டிய வயது இவையும் ஆபத்தைக் கூட்டும். இத்தனையும் சொன்னாலும், இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

காப்பர்-டி போட்டால் இது வரும் என்று உன் நாத்தனார் சொன்னது பாதி உண்மை. அது கர்ப்பத்தையே தடுப்பதால் மொத்த ஆபத்து குறைவுதான். அதையும் மீறிக் கரு தங்கினால்தான் குழாயில் இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி ஆறாவது வாரத்தில் ஸ்கேனுக்குப் போ. நான்காவது வாரத்தில் ஓடினால் ஒன்றும் தெரியாது, வீண் பயம்தான் மிஞ்சும். அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பப் புத்தகம் போடும் நாள்வரை காத்திருக்காதே. வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதைவிடப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் இந்த வாரங்களில் தெளிவு. குடல்வால் விஷயத்தை நீயே எடுத்துச் சொல். கரு தென்படாவிட்டால் பீட்டா எச்.சி.ஜி. எனும் கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். இரண்டையும் ஒரே லேபில் எடு; லேப் மாறினால் அளவை ஒப்பிட முடியாது. எண் கூடினாலும், கரு கண்ணில் படும்வரை நிம்மதி இல்லை.

கரு குழாயில் இருப்பது சீக்கிரம் தெரிந்தால், சிலருக்கு அதன் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியே போதும். அப்போது ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். ஊசியின் வேலையை அது கெடுக்கும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

ஒரு பக்கமாக அடிவயிறு வலித்தாலோ, கறுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலோ, அன்றே டாக்டரிடம் போ. தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், மலம் வருவதுபோல் அழுத்தம் என்றால் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டுகிறது என்று வைத்துக்கொள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடியில் ரத்தம் தேங்கினால் வலி தோளில்தான் தெரியும். வாயுப்பிடிப்பு என்று கோடாலித் தைலம் தடவிக்கொண்டு படுத்திருக்காதே, யாரையும் வயிற்றை உருவிவிட விடாதே. 999-க்குப் போன் போடு, காரை நீயே ஓட்டாதே. மாப்பிள்ளையிடமும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டு.

கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுது. ஆறு வாரம் என்றைக்கு என்று எண்ணிச் சொல்கிறேன்.

அம்மா