மின்சார மோட்டார் சைக்கிள் யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார இருசக்கர வாகனங்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஸ்கூட்டர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. உர மூட்டையையும் பால் கேனையும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரைகளில் ஓடுகிற மோட்டார் சைக்கிளை நம்பியிருக்கும் எங்களைப் போன்ற டெல்டா மாவட்டத்தினருக்கு அச்செய்திகள் பாதி வழிக்குத்தான் துணை வருகின்றன. தஞ்சாவூரிலிருந்து பாபநாசத்தில் உள்ள அலுவலகத்திற்கு நாள்தோறும் போய்வரும் நான், பல ஆண்டுகளாக ஓட்டிய 110 சிசி பெட்ரோல் வண்டியை மாற்ற வேண்டிய கட்டத்தில் இருக்கிறேன். மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று சில மாதங்களாக விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றையும், விசாரித்தும் கிடைக்காத இரண்டு விவரங்களையும் தங்கள் வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் பணக் கணக்கு. எனக்குப் போகவர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வேலை நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மாதம் 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு, பெட்ரோல் விலை 100 ரூபாயை ஒட்டி இருக்கும் நிலையில், மாதம் சுமார் 2,200 ரூபாய் செலவாகிறது. இதே தூரத்திற்கு மின்சார வண்டி, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 50 முதல் 55 யூனிட் எடுக்கும். யூனிட் 9 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 500 ரூபாயைத் தாண்டாது. ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிச்சம் என்பது சிறிய தொகையன்று. மின்சார வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 50,000 ரூபாய் இரண்டரை ஆண்டுகளில் திரும்பிவிடும். ஆனால் உள்ளூரிலேயே நாளுக்கு 15 கிலோமீட்டர் ஓட்டும் என் மைத்துனருக்கு மிச்சமாவது மாதம் 500 ரூபாய்தான். அவர் அந்த 50,000 ரூபாயை மீட்க எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். கடனில் வாங்கினால் வட்டியே மிச்சத்தைத் தின்றுவிடும். ஷோரூமில் இருவருக்கும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்.

யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று நான் போட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி, அதுவரை மலிவாகக் கிடைத்த 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது. வழக்கமாக 420 யூனிட் ஓடும் ஒரு வீட்டில் வண்டி சார்ஜுக்காக 110 யூனிட் சேர்ந்தால், அந்தக் கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 ரூபாயில் வந்து விழும். 200 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கு இதில் பாதிதான் ஆகும். ஆகவே, 'கிலோமீட்டருக்கு இத்தனை பைசா' என்று விளம்பரத்தில் போடுவதை நம்புவதற்கு முன்னால் அவரவர் மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்ப்பது நல்லது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் பெட்ரோலைவிட மலிவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்பது. இதில்தான் வாங்குபவர்கள் பெரிதும் குழம்புகிறார்கள். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் தூரம், இந்திய ஓட்டச் சுழற்சி எனப்படும் சோதனை முறையில், ஆய்வகத்தில் உருளைகளின்மீது வண்டியை ஓட்டிக் கணக்கிடப்படுவது. அச்சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 42 கிலோமீட்டர்; சராசரி வேகம் 22 கிலோமீட்டரை எட்டுவதில்லை. நகர நெரிசலில் ஊர்ந்து போகும் ஸ்கூட்டருக்கு இது ஓரளவு பொருந்தலாம். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஏனெனில் வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காக ஏறுகிறது.

150 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி விற்கப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை என்னுடன் பணிபுரியும் நண்பர் வைத்திருக்கிறார். ஆடி மாதத்தில் ஒரு நாள் அதைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். காலையில் முழு சார்ஜுடன் கிளம்பி, பசுபதிகோவில், அய்யம்பேட்டை வழியாகப் பாபநாசம் சேர்ந்தபோது திரையில் 75 விழுக்காடு இருந்தது. மாலையில் அதே சாலையில், அதே வேகத்தில் மேற்கு நோக்கித் திரும்பும்போது எதிர்க்காற்று நெஞ்சில் மோதிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தும்போது 42 விழுக்காடு. அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்று பேட்டரியை மட்டும் சும்மா விடுமா? அந்தக் கணக்குப்படி ஒரு முழு சார்ஜுக்கு 85 கிலோமீட்டர் வரும். பெட்ரோல் வண்டியிலும் காற்று இதே வேலையைத்தான் செய்கிறது. வழிநெடுகப் பங்க் இருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. என் தேவைக்கு 85 போதும். ஆனால் இந்த எண்ணை வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 என்ற தரவிதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வண்டியை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது எந்த ஆண்டின் தயாரிப்பு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியில் எந்த வகை என்பதையும் கேட்க வேண்டும்: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை சற்றுக் கனமானது என்றாலும், வெப்பத்தைத் தாங்குவதிலும் அதிக முறை சார்ஜ் ஏற்ற இடங்கொடுப்பதிலும் நிக்கல் வகையைவிட மேலானது. சித்திரை வெயிலில் நாள் முழுதும் தகரக் கொட்டகையில் வண்டி நிற்கும் ஊரில் இது சிறிய செய்தியன்று.

ஆனால் ஆபத்து எப்போதும் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பதும் சரியன்று. சார்ஜ் போடுவதற்கு வசதி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீசியன், வாசல் பக்கத்து 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் ஒரு டெஸ்ட் லேம்பை, மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்த்தார். முழு வெளிச்சத்துடன் எரிய வேண்டிய பல்பு மங்கலாகக் கண் சிமிட்டியது. எர்த் குழி காய்ந்துபோய், இணைப்புக் கம்பி துருவேறி இருந்ததுதான் காரணம். குழியைத் தோண்டி, கரியும் உப்பும் மாற்றி, கம்பியைப் புதிதாக இழுத்தபின் பல்பு சரியாக எரிந்தது. அதன்பிறகு, கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்தினார். வண்டி விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு ஒன்றுமேயில்லை. ஆனால் நான் ஏறி இறங்கிய ஷோரூம்களில் ஒன்றில்கூட வீட்டு எர்த்தைப் பற்றி ஒரு கேள்வி எழவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் செலவைவிட அனுமதிதான் சிக்கல். யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளக் பாயிண்ட் கொடுக்கும் வீட்டுக்காரர் கிடைத்தவர் பாக்கியசாலி. கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி உள்ள வண்டிகள் இருக்கின்றன; அந்தக் கனத்தைத் தினமும் இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்ல முடியுமா என்பதை வாங்குமுன் ஒருமுறை தூக்கிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

உத்தரவாதம் குறித்து ஒரு நுணுக்கம் உண்டு. இப்போது '8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர்' என்று பேட்டரிக்கு உத்தரவாதம் தருகிறார்கள். சிலவற்றில் அது கூடுதல் கட்டணத்தின் பேரில் கிடைக்கிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு 80,000 கிலோமீட்டர் என்பது ஐந்தரை ஆண்டுகளில் முடிந்துவிடும். அதிகம் ஓட்டுபவருக்குத்தான் மின்சார வண்டி லாபம். அதே ஆளுக்குத்தான் உத்தரவாதமும் சீக்கிரம் முடிகிறது. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், அந்த விழுக்காட்டை அளந்து சொல்பவர் யார் என்பவற்றை உத்தரவாத அட்டையின் சிறிய எழுத்துகளில் தேட வேண்டியிருக்கிறது. உத்தரவாதம் முடிந்தபின் புதிய பேட்டரி என்ன விலை என்று கேட்டால், 'அதற்குள் விலை இறங்கிவிடும் சார்' என்பதே எல்லா இடங்களிலும் கிடைத்த பதில். இறங்கலாம். ஆனால் இன்றைய விலை என்ன என்று கேட்பவருக்கு அது பதிலாகாது.

பழுது நீக்கும் வசதியில் பெட்ரோல் வண்டியின் அருகில்கூட இது வர முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்கானிக் கடை இல்லாத சாலைச் சந்திப்பே இங்கு இல்லை. ஆனால் மின்சார வண்டியில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பழுதானால், கணினியை இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர் இருக்கும் சர்வீஸ் மையத்திற்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேற்சொன்ன நண்பரின் வண்டி ஒரு உதிரிபாகத்திற்காக வாரக்கணக்கில் அங்கே நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார இருசக்கர வாகனத் தொழிற்சாலைகள் இயங்கும் ஒரு மாநிலத்தில் இந்த நிலை என்பதுதான் வருத்தம். மறுவிற்பனையிலும் இதே கதைதான்: ஐந்தாண்டு ஓடிய பெட்ரோல் வண்டிக்கு விலை சொல்ல ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள், மின்சார வண்டி என்றதும் பேட்டரியை நினைத்துப் பின்வாங்குகிறார்கள்.

டெல்டாவில் இருப்பவன் என்பதால் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபின் இப்பகுதியின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வீட்டில் இருக்கும் ஒரே வண்டி மின்சார வண்டியாக இருந்தால் அந்த நாள்களில் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. இரண்டாவதாக ஒரு பழைய பெட்ரோல் வண்டி மூலையில் கிடக்கும் வீட்டுக்கு இக்கவலை இல்லை.

அரசுச் சலுகைகளை நம்பித் திட்டமிடுவதும் கடினமாகவே இருக்கிறது. மின்சார வாகனங்களுக்கான ஒன்றிய அரசின் ஃபேம் இரண்டாம் திட்டத்தில் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணி (அதாவது ஒரு யூனிட்) அளவுக்கு 15,000 ரூபாயாக இருந்த மானியம் 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 5,000 ஆக இருந்து, அடுத்த நிதியாண்டில் 2,500 ஆகச் சுருங்கியது. மறுபுறம், 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. மின்சார வண்டிக்கான 5 விழுக்காடு அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு இப்படிக் கூடுவதும் குறைவதுமாக இருக்கும்போது, வாங்குபவர் கையில் உறுதியாக இருக்க வேண்டியவை வண்டியைப் பற்றிய உண்மை விவரங்கள்தாம்.

ஆகவே என் கோரிக்கை இரண்டே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டினால் ஒரு சார்ஜில் வரும் தூரத்தை, ஆய்வகத் தூரத்திற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் நிறுவனங்கள் அச்சிட வேண்டும் என்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி செய்ய வேண்டும். அந்த வண்டிக்கான மாற்றுப் பேட்டரியின் அன்றைய விலையை விற்பனை ரசீதிலேயே குறிப்பிட வேண்டும். புதிய வாகனங்களைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகளைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது இவ்விரு எண்களையும் நிறுவனத்திடம் கேட்டு, தந்தால் தந்ததையும், தராவிட்டால் தரவில்லை என்பதையும் அச்சிட்டால், என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இதுவரை மூன்று ஷோரூம்களில் பேட்டரி விலையை எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதலில் எழுதித் தருபவரிடம் முன்பணம் கட்டுவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.