ஒடித்துப் பார்க்கும் கூட்டம் நமக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கத்தி அடிக்கும் கொல்லர்கள் ஒன்றுகூடும் நிகழ்ச்சிக்கு ‘ஹேமர் இன்’ என்று பெயர். இதைக் கண்காட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்காட்சியில் கத்தியை விற்பார்கள், இங்கே ஒடிப்பார்கள். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்த ஒடித்துப் பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இல்லை என்பதே இதை எழுதக் காரணம்.

கூட்டம் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும். ஒரு கொட்டகை, இரண்டு மூன்று உலை, பட்டடைக்கல். கைதேர்ந்த ஒருவர் அடித்துக் காட்டுவார். எந்தச் சூட்டில் எடுத்தீர்கள், என்ன எண்ணெய் என்று சுற்றி நிற்பவர்கள் குறுக்கே கேட்பார்கள். அவரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார். செலவைச் சரிக்கட்ட ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. வருகிறவர்கள் பழைய அரம், மான்கொம்புத் துண்டு, குறடு என்று எதையாவது மேஜையில் வைப்பார்கள். சீட்டு வாங்கித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டுக் காசு உலைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிவிடும்.

இப்படி மறைக்காமல் சொல்லித்தரும் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பவர் மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன். அடுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் கத்திகளை 1973இல் கான்சாஸ் சிட்டியில் காட்சிக்கு வைத்தவர், செய்முறையையும் சிறு கையேடாக இலவசமாகக் கொடுத்தார். 1976இல் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி தொடங்கியது. (இந்த அடுக்கு டமாஸ்கஸ் வேறு, நம் உருக்கு வேறு. அடுக்கில் வரும் கோலம் இரண்டு எஃகுகளின் கலவை. மூசையில் (உலோகம் உருக்கும் மண்குவளையில்) உருக்கிய நம் எஃகில் கோலம் உள்ளிருந்தே வருகிறது; வனேடியம் போன்றவை துளியளவு இருப்பதே அதற்குக் காரணம் என்று வெர்ஹோவன், பென்ட்ரே குழுவினர் 1998இல் எழுதினார்கள். அவர்களில் பென்ட்ரே ஒரு கொல்லர்!)

அந்தச் சொசைட்டியின் ‘ஜர்னிமேன்’ (தேர்ந்த கொல்லர் என்ற தகுதி) தேர்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலகு 10 அங்குலத்துக்கும் அகலம் 2 அங்குலத்துக்கும் மிகக் கூடாது. முதலில், 1 அங்குலத் தடிமனுள்ள தொங்கும் கயிற்றை, நுனியிலிருந்து சுமார் 6 அங்குலம் மேலே, ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். அடுத்து, 2க்கு 4 அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டி முறிக்க வேண்டும். மரத்தை வெட்டிய அதே இடத்தால் கை மயிரை மழித்துக் காட்ட வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் பிடித்து 90 பாகை வளைக்க வேண்டும். விளிம்பில் விரிசல் வரலாம், அதற்கும் வரம்பு உண்டு. ஒடிந்தால் தேர்வு போயிற்று. கத்தி முழுக்கக் கடினமாக இருந்தால் வளைக்கையில் முறியும். முழுக்க மெதுவாக இருந்தால் மரத்தில் மழுங்கும். கடினத்தையும் வளைவையும் ஒரே கத்தியில் கொண்டுவரும் தோய்ச்சலைத்தான் (காய்ச்சிய எஃகைச் சட்டென ஆற்றுவதை) இந்தத் தேர்வு சோதிக்கிறது.

அதற்கு அங்கே அதிகம் எடுப்பது 5160 என்ற ஸ்பிரிங் எஃகு. அடித்து முடித்ததும் மூன்று முறை காய்ச்சி, ஒவ்வொரு முறையும் சூட்டைச் சற்றுக் குறைத்துக் காற்றில் ஆற விடுவார்கள், எஃகின் உள்மணி சீராகும். பிறகு சுமார் 830 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, 50 - 55 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் தோய்ப்பது. இரும்பு 770இல் காந்தத்தை விட்டுவிடும், அதாவது காந்தம் அதில் ஒட்டாது. அந்தச் சூட்டிலேயே தோய்த்தால் போதாது. இன்னும் சற்றே ஏற்ற வேண்டும். நிறத்தை நிழலில்தான் பார்க்க வேண்டும், வெயிலில் கண் ஏமாற்றும். தோய்த்த பின் அரத்தால் இழுத்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும், கடினமானதற்கு அதுவே அடையாளம். முதல் இழுப்பில் அரம் கடித்தால் பதற வேண்டாம். மேல்தோலில் கரி எரிந்து மெதுவாகியிருக்கும். நாலைந்து இழுப்பில் வழுக்கும். உடனே பதம் இறக்க, அதாவது முறியாதபடி கடினத்தைச் சற்றுக் குறைக்க, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். முதுகை மட்டும் மெதுவாக்க, வாயை (வெட்டும் விளிம்பை) தண்ணீர்த் தட்டில் வைத்துக்கொண்டு மேலே நீலம் வரும்வரை டார்ச் பிடிப்பார்கள்.

நம் பட்டறைகளில் லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். அதில் சிலிக்கன் - மாங்கனீசு வகையும் உண்டு, குரோமிய வகையும் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓடித் தேய்ந்த பட்டையில் மயிரிழை வெடிப்பும் ஒளிந்திருக்கும், போல்ட் துளை ஓரத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. இதைத் தண்ணீரில் தோய்த்தால் ‘டிக்’ என்று விரிசல் விடும் சத்தம் கேட்கலாம். கேட்டால் அதோடு அந்த அரிவாள் தீர்ந்தது.

அதனால் கூட்டத்துக்கு அரிவாள் கொண்டுவர வேண்டாம், பட்டைத் துண்டு கொண்டுவந்தால் போதும். ஒரே பட்டையிலிருந்து 15 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றைக் காந்தம் விட்ட சற்று நேரத்தில், அடுத்ததை ஆரஞ்சு நிறத்தில், மூன்றாவதை மஞ்சள் நிறத்தில் எண்ணெயில் தோய்த்து, பதம் இறக்காமல் வைஸில் பிடித்து, சாக்கைச் சுற்றி, கண்ணாடி அணிந்து ஒடிக்க வேண்டும். சூடு சரியாக இருந்தால் ஒடிந்த முகம் சாம்பல் வெல்வெட் போல மழமழவென்றிருக்கும். மஞ்சளில் தோய்த்தது சர்க்கரைப் பாகு உறைந்ததுபோலப் பளிச்சிடும். அப்படி மணி பெருத்த அரிவாள்தான் கருவேலங்கட்டையில் பல் உதிர்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் பார்க்க ஒடிப்பது கொஞ்சம் கூச்சம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆயுத விதிகள் 2016இல் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயப் பயன்பாட்டுக்கானவை விலக்கு. அமெரிக்கத் தேர்வின் 10 அங்குலத்தை அப்படியே எடுக்காமல் 8 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் வீண் கேள்வி வராது. உள்ளூர் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடலாம்.

இதற்கு வேண்டியது ஒரு ஐ.டி.ஐ. பணிமனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, 20 லிட்டர் எண்ணெய், மூடியோடு ஒரு இரும்பு டிரம். தீப்பிடித்தால் மூடி போட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. சிவகங்கை மாவட்டத் தொழில் மையம் முன்வந்தால் முதல் கூட்டத்தைத் திருப்பாச்சேத்தியிலேயே வைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், சேலம்