வாங்கப்படும் நிறுவனத்தின் ஆய்வு என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய நிறுவனங்கள் சிறிய நிறுவனங்களை வாங்குவது பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, பங்கு விலையையும் சந்தைப் பங்கையும் விரிவாக அலசியது. வாங்கப்பட்ட நிறுவனத்தில் நடந்துவந்த ஆய்வு பிறகு என்ன ஆகிறது என்பதை அது தொடவே இல்லை. எனக்கோ அதுதான் முதன்மையான கேள்வியாகப் படுகிறது.

அமெரிக்காவில், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்குத் தரப்படும் ஆக்தார் மருந்தை விற்றுவந்த குவெஸ்ட்கோர் நிறுவனம், அதற்குப் போட்டியாக வளரக்கூடிய சினாக்தன் டெப்போ மருந்தின் அந்நாட்டு உரிமையை 2013இல் வாங்கிக்கொண்டது. 2001இல் 40 டாலராக இருந்த ஆக்தார் குப்பியின் விலை பின்னர் 34,000 டாலரைத் தாண்டியது. இப்படிப் போட்டியைத் தடுத்ததாக அந்நாட்டின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பான கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கு, 2017இல், 10 கோடி டாலர் செலுத்தவும் போட்டி மருந்தை உருவாக்க வேறொரு நிறுவனத்துக்கு உரிமம் வழங்கவும் நிறுவனத் தரப்பு ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. இது தனித்த நிகழ்வல்ல: அமெரிக்க மருந்துத் துறைக் கையகப்படுத்தல்களை ஆராய்ந்து 2021இல் கன்னிங்ஹாம், எடரர், மா ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் 5.3 முதல் 7.4 விழுக்காடு வரை, வரவிருந்த போட்டியை முளையிலேயே கிள்ளுவதற்காக நடந்தவை என்று மதிப்பிடுகிறது.

காரணம் எளிது. புதிய பொருள் வந்தால் பழைய பொருளின் லாபம் குறையும் என்பதால், சந்தையை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்குப் புதிதாக நுழைபவரைவிடக் கண்டுபிடிப்பில் ஆர்வம் குறைவாகவே இருக்கும் என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962லேயே விளக்கிவிட்டார்.

அதற்காக இத்தகைய கையகப்படுத்தல்களை அடியோடு தடைசெய்யச் சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆய்வுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி அறிவியலாளர்களின் ஊதியமாகப் போய்விடுகிறது; அதனால் விளையும் அறிவை அடமானமாக ஏற்றுக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குகின்றன. ஆகவே சிறிய ஆய்வு நிறுவனங்கள் பங்கு முதலீட்டையே நம்பியிருக்கின்றன. அந்த முதலீட்டாளர்களோ, நிறுவனம் பங்குச்சந்தைக்கு வரும்போது அல்லது பெரிய நிறுவனத்துக்கு விற்கப்படும்போதுதான் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கிறார்கள். விற்கும் வழியை அடைத்துவிட்டால், ஆய்வு தொடங்குவதற்கான முதலே கிடைக்காமல் போகும்.

எனவே விற்பனையை அனுமதித்து, ஆய்வு முடங்காமல் பார்த்துக்கொள்வதே சட்டத்தின் வேலையாக இருக்க வேண்டும். நிறுவனங்களின் ஆண்டு விற்பனைத் தொகையான விற்றுமுதலை மட்டுமே வைத்துக் கையகப்படுத்தலை ஆராய்ந்தால், இன்னும் எதையும் விற்காத ஆய்வு நிறுவனங்கள் வலையில் சிக்காமல் நழுவிவிடும். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2017இல் கையகப்படுத்தலின் மதிப்பையும் அளவுகோலாகச் சேர்த்தது இதனால்தான். இதற்கு மேலும் ஒரு நிபந்தனை வேண்டும் என்பது என் கோரிக்கை. தன் பொருளோடு போட்டியிடக்கூடிய ஆய்வை வாங்கிய நிறுவனம் குறித்த காலத்துக்குள் அதைத் தொடரவில்லை என்றால், அதுவரை திரட்டிய தரவுகளோடு நியாயமான விலையில் பிறருக்கு உரிமம் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான மருந்து ஆய்வுகள் அறிவியல் காரணங்களாலேயே தோற்கின்றன என்று நிறுவனங்கள் வாதிடும். அது உண்மைதான், ஆனால் உண்மையிலேயே தோற்றுப்போன ஆய்வுக்கு உரிமம் கொடுப்பதால் அவற்றுக்கு எந்த இழப்பும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்