திருமண மண்டபத்துக்கு மது உரிமம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'மண்டபங்களில் எப்படியும் ஒளித்துவைத்துக் குடிக்கிறார்கள். முறையாக உரிமம் கொடுத்தால் அரசுக்கு வருமானமும் ஆகும், ஒழுங்கும் வரும்' என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். நன்னிலம் வட்டத்தில் சாலையோரத் திருமண மண்டபம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த யோசனை ஏற்கெனவே வந்து போனதுதான். 2023இல் தமிழக அரசு, 1981ஆம் ஆண்டு மதுபான உரிம விதிகளைத் திருத்தி, நிகழ்ச்சிகளில் விருந்தினருக்கு மது பரிமாற அனுமதிக்கும் எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமத்தைக் கொண்டுவந்தது. முதல் அறிவிக்கையில் மாநாட்டுக் கூடம், விளையாட்டரங்கம் ஆகியவற்றோடு திருமண மண்டபமும் வீட்டு விசேஷங்களும்கூட இருந்தன. மாநகராட்சியில் ஒரு நாளுக்கு 11,000 ரூபாய், நகராட்சியில் 7,500, எங்களைப் போன்ற ஊர்களில் 5,000 என்று கட்டணமும் வைத்திருந்தார்கள். ஏப்ரல் மாதம் செய்தி வெளியானதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. திருமண மண்டபங்கள் விதியிலிருந்து நீக்கப்பட்டன. அது சரியான முடிவு. அதை இனி யாரும் அசைக்கக் கூடாது.

முதல் நாள் மாலை வரவேற்பு நடக்கும்போது, மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலைந்து பேர் மாடி அறைச் சாவியைக் கேட்டு வருவார்கள். எதற்கு என்பது எனக்குத் தெரியும். 'தம்பி, மண்டபத்துக்குள் கூடாது, சட்டத்தில் இடமில்லை' என்பேன். முணுமுணுப்பார்கள், ஆனால் பேச்சு அதற்குமேல் வளராது. பெண் வீட்டுப் பெரியவர் யாராவது வந்து என் பக்கம் நிற்பார். உரிமம் என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் நான் எதைச் சொல்லித் தடுப்பேன்? 'பணம் கட்டி வாங்கியிருக்கிறோம், நீங்கள் யார் கேட்பதற்கு?' என்பார்கள். மண்டபத்துக்கு மண்டபம் போட்டி இருக்கிற காலம் இது. அனுமதிக்காத மண்டபத்துக்கு முன்பதிவு குறையும் என்று முதலாளிகளும் இறங்கிவிடுவார்கள்.

அந்தப் பணத்தைக் கட்டப்போவது யார் என்றும் வாசகர் யோசித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான கல்யாணங்களில் மண்டப வாடகை, சாப்பாடு, மேளம் எல்லாம் பெண் வீட்டார் தலையில்தான். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், நெல் மூட்டை கொள்முதல் நிலையத்தில் எடை போடும் நாளுக்காகக் காத்திருந்து, அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்கிறார். உரிமக் கட்டணமும் பாட்டில் செலவும் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக் கோரிக்கையாக அவரிடம்தான் வந்து நிற்கும். சட்டம் கூடாது என்று சொல்வதால்தான் இன்று அதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

நட்சத்திர ஓட்டல்களில் மட்டும் இருக்கலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். அங்கே மதுக்கூடம் தனி. இங்கே பந்தி நடக்கும் கூடத்துக்கும் மணப்பெண் அறைக்கும் ஒரே படிக்கட்டு. குழந்தைகள் ஓடியாடும் இடமும் அதுதான். இரவு பாத்திரம் தேய்க்கும் பெண்கள் பின்கட்டு வழியாகத் தனியாகத்தான் வீடு திரும்புகிறார்கள். உரிமம் கொடுக்கும் அலுவலகம் அந்த நேரத்தில் திறந்திருக்காது.

எங்களுக்குக் காரைக்காலும் பக்கம். புதுச்சேரி மது காரின் பின்பெட்டியில் வந்துவிடுகிறது. இன்று மண்டபத்துக்குள் பாட்டில் தென்பட்டாலே தவறு. உரிமம் வந்தபின் எது கணக்கில் உள்ளது, எது எல்லை தாண்டி வந்தது என்று பந்தி நடுவே நின்று யார் சரிபார்ப்பது?

மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் வயல். வைகாசி முகூர்த்தங்களின்போது வயல் காய்ந்து கிடக்கும். எவ்வளவு கண்காணித்தாலும் வண்டி நிறுத்துமிடத்தில் குடித்துவிட்டுச் சுவருக்கு அப்பால் பாட்டிலை எறிகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு மேட்டூர் தண்ணீர் வந்து வயலை உழும்போது உடைந்த கண்ணாடி சேற்றுக்குள் போய்விடுகிறது. குறுவை நடவுக்கு இறங்கும் பெண்கள் காலில் செருப்பில்லாமல்தான் நிற்கிறார்கள். பாதம் கிழிந்து, மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் அதே சேற்றில் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஒளித்துக் குடிக்கும்போதே இந்த நிலை. வெளிப்படையாக அனுமதித்தால் அந்த வயலில் கால் வைக்க முடியுமா?

மறைவாகக் குடிப்பதைத் தடுக்க வேண்டும் என்பதில் வாசகரோடு எனக்கு வேறுபாடு இல்லை. அதற்கு இரண்டு காரியம் செய்தால் போதும். மண்டபத்திலும் அதன் வளாகத்திலும் மது கூடாது என்ற அறிவிப்புப் பலகையை, காவல் நிலையத் தொலைபேசி எண்ணோடு, ஒவ்வொரு மண்டப வாசலிலும் வைக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். முகூர்த்த நாட்களில் இரவு ரோந்து வண்டி மண்டபங்கள் உள்ள சாலையில் ஒரு முறை வந்து போக வேண்டும். என் வார்த்தையைவிட அந்தப் பலகைக்கு மதிப்பு அதிகம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன் இதைச் செய்து கொடுத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மண்டப மேலாளர் ஒருவர்,
நன்னிலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.