ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அன்றைக்கு போனில் எடைக் குறைப்பு ஆபரேஷனைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு மழுப்பலாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "மறுபடி முதல்லேர்ந்துன்னா இந்த ஆபரேஷனைப் பண்ணிக்குவியா அக்கா?" என்று கேட்டாய். பண்ணிக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழே எழுதுவதையெல்லாம் படித்துவிட்டு, அக்கா நம்மைப் பயமுறுத்திப் பின்வாங்க வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். இதையே என்னிடம் கேட்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதனால் நீ சரி என்று சொன்ன பிறகு, எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

ஆபரேஷனைப் பற்றி டாக்டரே விளக்கியிருப்பார். ஸ்லீவ் என்றால் இரைப்பையின் வெளிப்பக்க வளைவோடு முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டேப்ளர் போட்டுக் குழாயாக ஆக்கிவிடுவார்கள். வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள்தான் வெளியே தெரியும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. உயிருக்கே ஆபத்து என்று சித்தி சொல்வது பழைய பயம். இப்போது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர் என்கிற அளவுதான், பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடியது. அதற்காக அலட்சியமாகவும் இருக்காதே. வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் நெஞ்சு படபடப்பு அடங்காமல் இருந்து, கூடவே காய்ச்சலோ இடது தோளில் வலியோ வந்தால், வாயுப் பிடிப்பு என்று கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருக்காதே. வெட்டி ஒட்டிய இடம் கசிந்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும். நடுராத்திரியானாலும் கிளம்பிப் போ.

பசியைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும். வெட்டி எடுக்கிற அந்தப் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. இது எனக்கு ஏட்டளவில் தெரியும். ஆனால் வீடு திரும்பிய பிறகு, யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால்தான் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. உனக்கும் எனக்கும் தெரிந்த அந்த இரைச்சல் இருக்கிறதே, ஒரு வேளை சாப்பிடும்போதே அடுத்த வேளைக்கு என்ன என்று ஓடும் யோசனை, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கில் நம் கண்ணுக்கு மட்டும் பெரிதாகத் தெரியும் பிஸ்கட் தட்டு, இன்னொன்று எடுத்தால் யார் கவனிப்பார்கள் என்ற கணக்கு, அத்தனையும் நின்றுபோயிருந்தது. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அணைத்த பிறகுதான் அது இவ்வளவு நேரமாகச் சத்தம் போட்டதே உறைக்கும், அப்படி.

முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் வந்தது கோபம். ஒல்லியாக இருப்பவர்கள் பலர் பிறந்ததிலிருந்தே இந்த அமைதியில் வாழ்ந்துகொண்டு, அதற்கு மன உறுதி என்று பெயர் வைத்து நமக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். நாம் பட்டினி கிடந்து குறைத்தபோதெல்லாம் உடம்பு என்ன செய்தது தெரியுமா? பசி ஹார்மோனை ஏற்றிவிட்டு, சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியைக் குறைத்தது. அமெரிக்காவில் ஒரு டிவி எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. ஆனால் அவர்கள் உடம்பு எரிக்கும் கலோரியோ, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. "வாயைக் கட்டினால் போதும்" என்று உன்னிடம் யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் வெறும் தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டியான திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று ஒன்றரை இரண்டு மாதம் ஏணிப்படியாகப் போகும். அதில் அவசரப்படாதே. நான் மென்மையான உணவுக்கு வந்த சமயத்தில் அவித்த முட்டை ஒன்றைச் சாப்பிட அரை மணி நேரம் ஆகும். குழந்தைக்கு ஊட்டுகிற ஸ்பூன், ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுவது, ஸ்பூனைக் கீழே வைப்பது, காத்திருப்பது. போதும் என்பதை வயிறு சொல்லாது. எனக்கு மூக்கில் நீர் ஒழுகும். சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல். அந்த அறிகுறியை மதிக்காமல் "இன்னும் ஒரே வாய்" என்று வைத்தால் போச்சு. நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி நிற்கும், வாயெல்லாம் எச்சில் ஊறும், கடைசியில் நுரை நுரையாக வெளியே வரும். ரொட்டியும் சோறும் இந்த வேலையை அதிகம் செய்யும், காய்ந்த கோழிக்கறி அதைவிட மோசம்.

தண்ணீரை ஒரு தனி துக்கம் என்றே சொல்வேன். வெயிலில் நடந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்போமே, அது போய்விட்டது. முதல் சில மாதங்கள் சிப்பு சிப்பாகத்தான் இறங்கும். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போக வேண்டும். கூடவே 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன். இந்த இரண்டையும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் நுழைப்பதே ஆரம்பத்தில் முழுநேர வேலை. குடிப்பதற்கு மணிக்கொரு தடவை அலாரம் வைத்திருந்தேன். ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் அந்தச் சத்தத்தில் வெறுத்துப்போனார்கள்.

மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. மல்டிவைட்டமின், பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி, கால்சியம். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. ஒன்று இன்னொன்றை உடம்பில் சேரவிடாது. கால்சியத்தில் சிட்ரேட் வகையாகக் கேட்டு வாங்கு, அது ஜீரணமாக வயிற்றில் அமிலம் அதிகம் தேவையில்லை. வாந்தி நிற்காமல் நாள்கணக்கில் போனால் பி1, அதாவது தயமின், சீக்கிரமே தீர்ந்துபோய் மூளையைக்கூடப் பாதிக்கும். அதைச் சாதாரண வாந்தியாக விடக் கூடாது. எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம், அதைத் தடுக்கச் சில மாதங்களுக்கு மாத்திரை கொடுப்பார்கள். ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடாதே. அப்புறம் குழந்தை விஷயம். எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமலே கரு தங்கிவிடுவது உண்டு. குறைந்தது ஒரு வருஷம், முடிந்தால் ஒன்றரை வருஷம் தள்ளிப்போடச் சொல்வார்கள். இதை நீ கேட்காவிட்டால் யாரும் தானாக எடுத்துச் சொல்வார்கள் என்று நம்பாதே.

மூன்றாவது மாதத்துக்குப் பிறகு தலைமுடி கொட்டும், சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். மறுபடி வளரும். அதற்குமுன் மூன்றாவது வாரம் வாக்கில் எடை இறங்காமல் அடம்பிடித்து நிற்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கிற விஷயம்தான். அந்த வாரத்தில் எடை மெஷினை யாராவது ஒளித்துவைத்தால் நல்லது.

இதெல்லாம் உடம்புக்கு நடப்பது. மனிதர்கள் நடந்துகொள்வதற்கு யாரும் உன்னைத் தயார்செய்ய மாட்டார்கள். வருஷக்கணக்காக லிஃப்டில் என்னைப் பார்த்தும் பார்க்காதவர்கள், இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பேசத் தொடங்கினால் குறுக்கே பேசுவது குறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இது சந்தோஷமான செய்தியாகத் தெரியலாம். எனக்கு அது வலித்தது, இன்னும் வலிக்கிறது. அதே மூளை, அதே வேலை, அதே நான்தானே முன்னாடியும் இருந்தேன்? "இப்பத்தான் அழகா இருக்கே" என்று வாய் நிறையச் சொல்பவர்களிடம் என்ன பதில் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை, சிரித்துவைக்கிறேன்.

"என்ன டயட்?" என்று எல்லோரும் கேட்பார்கள். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். இதில் யாருக்கும் நீ கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: வம்புக்குக் கேட்பவர்களுக்கு "அளவாச் சாப்பிடறேன்" என்பேன், அது பொய்யும் இல்லை. ஆனால் நம்மைப் போன்ற உடம்போடு, கண்ணில் அந்தப் பழைய சோர்வோடு கேட்பவர்களிடம் ஆபரேஷன் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். நடந்தே இவ்வளவு குறைத்தாள் என்று நம்பி, அவர்கள் தங்களையே இன்னும் கொஞ்சம் வெறுத்துக்கொள்ளக் கூடாது.

உன் வீட்டுக்காரரையும் டயட்டீஷியனிடம் கூட்டிக்கொண்டு போ. ஸ்வீடனில் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வைத்து 2018ல் ஒரு ஆய்வு வந்தது. ஏற்கெனவே துணையோடு இருந்தவர்களிடம் பிரிவு கூடியிருந்தது, தனியாக இருந்தவர்களிடம் புது உறவும் கல்யாணமும் கூடியிருந்தது. இதைக் கேட்டு மிரளாதே. ஒரே மேஜையில் ஒருவர் கால் தட்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தால், எதிரே இருப்பவருக்கும் ஏதோ மாறத்தானே செய்யும்? அதைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

கண்ணாடியை நம்பக்கூட நாளாகும். நாற்காலிகளுக்கு நடுவே இப்போதும் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில்தான் நுழைகிறேன், எதிலும் இடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும். குளிர் தாங்கவில்லை. கெட்டியான பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது. வயிற்றிலும் கையிலும் தோல் தொங்குகிறது, வியர்த்தால் மடிப்பில் புண்ணாகிறது. அதை வெட்டித் தைக்கலாம், ஆனால் எடை ஒரு நிலைக்கு வந்து நிற்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதே சமயம், குனிந்து செருப்பு வாரை மூச்சு வாங்காமல் மாட்டுகிறேன். ராத்திரி மூச்சுத்திணறலுக்குப் போட்டுக்கொண்ட மெஷினை டாக்டர் பார்த்துவிட்டு எடுத்துவிடச் சொன்னார். இதற்காகத்தான் மேலே பண்ணிக்கொள்வேன் என்று எழுதினேன்.

இரண்டாம் வருஷத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் உனக்கு அக்காவே இல்லை. பசி திரும்பி வரும். பழைய கத்தல் இல்லை, ஆனால் வரும். வயிறும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கோழிக்கறி நெஞ்சில் நிற்கிற அதே வயிற்றில் சிப்ஸும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கும், தடையே இருக்காது. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் எடை திரும்பும். ஸ்வீடனிலேயே 1987ல் தொடங்கிய பெரிய ஆய்வில், எடைக் குறைப்பு ஆபரேஷன்களுக்குப் பின் இரண்டு வருஷத்தில் சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. பத்து வருஷத்தில் அது 36 சதவீதமாகிவிட்டது. இருந்தாலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் செய்துகொள்ளாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். இரண்டு செய்தியும் உண்மை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள். பசி அடங்கியிருக்கும் அந்த முதல் வருஷத்திலேயே நடையும் புரோட்டீனும் நேரத்துக்குச் சாப்பிடுவதும் கைவந்துவிட வேண்டும். பிற்பாடு கற்றுக்கொள்வது கடினம்.

இன்னொன்று, பசி போனாலும் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஏதாவது வேண்டும் என்றிருக்கும். கோபம் வந்தால், அழுகை வந்தால், சும்மா இருந்தால் வருகிற அந்தத் தேவையைக் கத்தி தொடவே இல்லை. முன்பு சாப்பாடு அதை மூடிவைத்திருந்தது. சிலர் அந்த இடத்தில் குடியைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மது சட்டென்று தலைக்கேறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும். எனக்கு உதவியது ஒரு மனநல ஆலோசகர். ஆபரேஷனுக்கு முன் அனுப்புகிற ஒரு தடவை ஆலோசனையோடு நிறுத்தாதே, பின்னாலும் போ.

எடை குறைக்க ஊசி வந்துவிட்டதே, எதற்கு வெட்டிக்கொள்கிறாய் என்று கேட்கிறார்களாமே. செமாக்ளூடைட் நல்ல மருந்துதான். ஆனால் அதை நிறுத்தியவர்களைக் கவனித்த ஆய்வில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது. அதுவும் நீண்ட காலத்துக்கான ஏற்பாடுதான். உன் எடைக்கும் சர்க்கரைக்கும் எது பொருந்தும் என்பதை டாக்டரிடம் கேள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதே.

டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இரண்டு தலையணை வைத்துப் படுப்பவள், ராத்திரி புளித்துக்கொண்டு எழுந்து உட்காருபவள். ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் அதிகமாக வாய்ப்புண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு, இரைப்பையைச் சின்னதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் பொருத்தம் என்று சொல்வது வழக்கம். அதில் விட்டமின் குறைபாடு இன்னும் அதிகம், இனிப்பு சாப்பிட்டால் வியர்த்துப் படபடக்கும் டம்பிங் தொல்லையும் உண்டு. எண்டோஸ்கோப்பி செய்தார்களா, நெஞ்செரிச்சலைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஸ்லீவ் என்று முடிவு செய்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப்போடு, ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நீ வேறு அறைக்குப் போய்விடு.

அன்புடன்,
அக்கா