எம்2 கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் டார்செட் கரையோரம், லைம் வளைகுடாவில் மூழ்கிக் கிடக்கும் எம்2 நீர்மூழ்கியைக் காணச் செல்லும் ஆழ்கடல் நீச்சல் வீரர்களே, வணக்கம்.

நீங்கள் எடுத்துவரும் படங்களில், அந்த நீர்மூழ்கி ஒரு சிறு விமானத்தை வைத்திருந்த கொட்டகையின் திறந்த வாய் தவறாமல் இருக்கிறது. கூடவே ஒரு கதையும்: விமானத்தை விரைவாகப் பறக்கவிடும் அவசரத்தில், கப்பல் முழுதாக மேலே வருமுன்பே மாலுமிகள் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்களாம்; அதன் வழியே நீர் புகுந்துதான் மூழ்கியதாம்.

முதலில் அந்த விமானம். பெயர் பார்னல் பீட்டோ. 1925இல் முதன்முதலாகப் பறந்த, இரண்டே பேர் அமரும் வேவு விமானம்; செய்தவையும் இரண்டே. விரித்தால் எட்டரை மீட்டருக்கு மேல் நீளும் இரட்டை அடுக்கு இறக்கைகளைக் குடைபோல் மடக்கினால் அகலம் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடும். எம்2இல் முன்பு 12 அங்குல பீரங்கி இருந்த இடத்தில் கொட்டகை கட்டி, அதற்குள் இதைத் திணித்தார்கள். கப்பலில் இருந்த கவண் பொறி எறிந்ததும் பறக்கும். திரும்பிவந்து தண்ணீரில் இறங்கினால் பளுதூக்கி அள்ளியெடுக்கும். இப்படி ஒன்றை யோசித்தவரைக் கைகுலுக்கத் தோன்றுகிறது!

1932 ஜனவரி 26 அன்று 60 பேரோடு எம்2 மூழ்கிப்போனது. அவ்வழியே சென்ற சரக்குக் கப்பலின் தலைவர், அது பின்புறமாகச் சாய்ந்து மூழ்கியதைக் கண்டார். நீர்மூழ்கிகளைப் பற்றி அறியாதவர், அதில் விபரீதம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சாட்சியம்தான் என்னை உறுத்துகிறது. கொட்டகை இருந்தது கப்பலின் நடுவே நிற்கும் கட்டளைக் கோபுரத்துக்கு முன்னால். அதன் வழியே நீர் புகுந்திருந்தால் முதலில் தாழவேண்டியது மூக்கு அல்லவா?

கப்பலின் நீளம் சுமார் 90 மீட்டர், அங்கே ஆழமோ 30 மீட்டர் சொச்சம். கப்பலை ஏற்றி இறக்கும் பின்பக்கச் சுக்கான் தகடுகள் பழுதாகி வால் தரையில் குத்தியிருந்தால், முன்பகுதி மேல்நோக்கி நிமிர்ந்து, அந்தச் சாய்விலேயே கதவு பிளந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. அதை ஏன் யாரும் படத்தின் கீழே எழுதுவதில்லை?

ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதியில் மூழ்கிக் கிடந்த ஜெர்மானியப் போர்க்கப்பல்களைத் தூக்கிய எர்னஸ்ட் காக்ஸே எம்2வைத் தூக்க ஏறக்குறைய ஓராண்டு போராடினார். நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே வரை வந்த எம்2, புயலில் மறுபடி நழுவி விழுந்தது. கதவைத் திறந்தவர் யார், திறந்தாரா என்று சொல்ல உள்ளிருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அடுத்த முறை படம் போடும்போது, 'அவசரப்பட்டார்கள்' என்ற வரியின் முடிவில் ஒரு கேள்விக்குறியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய விமானங்கள்மேல் பித்துக்கொண்ட ஒரு வாசகன்